டிஎன்ஏ ப்ரோப் புராஜெக்ட்: உறவினர்கள் கேட்காத ஒரு கேள்வி

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டிஎன்ஏ ப்ரோப்களில் ஒளிர்வு எப்படி அணைகிறது என்பதுதான் புராஜெக்ட். இதற்கு யார் வேலை தருவார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பேசாமல் ஐ.டி. கோர்ஸில் சேர்த்துவிடட்டுமா?

பதில்: அம்மா, அந்தச் சொந்தக்காரர்களில் பலர் கோவிட் காலத்தில் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்திருப்பார்கள். அந்தக் கிட்களில் பெரும்பாலானவை உங்கள் மகளின் பாடத்தை நம்பித்தான் ஓடின. ப்ரோப் என்பது சின்ன டிஎன்ஏ இழை. அதில் ஒளிரும் சாயம் ஒன்று, அந்த ஒளியை அணைக்கும் க்வென்ச்சர் ஒன்று. தேடும் மரபணு கிடைத்தால் இரண்டும் விலகும், ஒளி தெரியும். காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையும் இந்த வகைதான்.

ஆகவே வேலை உண்டு. ஆனால் கிட் தயாரிக்கும் நிறுவனங்கள் ஐ.டி. போலக் கூட்டமாக ஆள் எடுப்பதில்லை. பிசிஆர் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். ப்ரோப்பை வடிவமைக்கத் தெரிந்தவர் குறைவு. மகள் எந்தப் பக்கம் என்று அறிய ஒன்று கேளுங்கள்: “உன் ப்ரோப்பில் ஒளி எந்த வழியில் அணைகிறது, அது உனக்கு எப்படித் தெரியும்?”

“ஃப்ரெட்” என்று மட்டும் சொன்னால் போதாது. ஃப்ரெட்டில் சாயத்தின் ஆற்றல் சில நானோமீட்டர் தள்ளியிருக்கும் க்வென்ச்சருக்குத் தாவும். அந்தத் தாவல் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். சாயம் உமிழும் அலைநீளத்தை க்வென்ச்சர் உறிஞ்சவும் வேண்டும். 1996-இல் தியாகி, கிரேமர் என்ற விஞ்ஞானிகள் அறிமுகப்படுத்திய மாலிக்யூலர் பீக்கன் என்ற ப்ரோப் வகை வேறு கதை. கொண்டை ஊசி போல மடிந்த அந்த இழையில் சாயமும் க்வென்ச்சரும் ஒட்டிக்கொள்கின்றன. அலைநீளம் சரியாகப் பொருந்தாத சாயமும் அங்கே அணையும். ஒட்டினால் உறிஞ்சல் நிறமாலையே, அதாவது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே மாறும், ஃப்ரெட்டில் மாறாது. இதைப் பார்க்க, பல கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் யூவி-விசிபிள் கருவியே போதும்!

மூன்றாவது வில்லன் குவானின், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ‘ஜி’. எலக்ட்ரானைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் ஃப்ளோரசீன் வகைச் சாயத்தை மங்கச் செய்துவிடும். டாக்மேன் என்பது பிசிஆர் ஓடும்போது நொதியால் வெட்டுப்பட்டு ஒளிரும் ப்ரோப் வகை. அதில் சாயம் இருக்கும் 5' முனையில் ஜி வைக்காதே என்பது இதனால்தான்: ப்ரோப் வெட்டுப்பட்ட பிறகும் அந்த ஜி சாயத்தோடேயே இருக்கும்.

இன்டர்வியூவில் பலர் சறுக்குவது ஸ்டெர்ன்-வோல்மர் வரைபடத்தில், அதாவது க்வென்ச்சரின் அளவு கூடக் கூட ஒளி எவ்வளவு அணைகிறது என்று காட்டும் வரைபடத்தில். நேர்கோடு வந்தால் உடனே ‘மோதல் வழி’ (க்வென்ச்சர் வந்து மோதி ஒளியை அணைப்பது) என்று எழுதிவிடுகிறார்கள். சாயமும் க்வென்ச்சரும் முன்பே இணைந்திருந்தாலும் நேர்கோடுதான் வரும். ஒளிர்வு ஆயுட்காலத்தை (ஒளியை உறிஞ்சிய சாயம் அதை உமிழ எடுக்கும் சராசரி நேரத்தை) அளந்தால் வித்தியாசம் தெரியும்: மோதலில் அது குறையும், முன்பே இணைந்திருந்தால் மாறாது. அந்த வசதி இல்லையா, வெப்பநிலையை மாற்றிப் பார்க்கலாம். சூடேற்றும்போது அணைப்பு கூடினால் பெரும்பாலும் மோதல். குறைந்தால் இணைப்பு பிரிகிறது.

இதெல்லாம் சொந்த அளவீடுகளோடு சொல்ல முடிந்தால் மகளுக்கு இரண்டு கதவுகள். ஒன்று, கிட் நிறுவனங்களின் ஆர் அண்ட் டி. அதற்கு ரியல்-டைம் பிசிஆர் கைப்பழக்கம் வேண்டும். வேதியியல் மாணவிக்கு அதுதான் குறையாக இருக்கும், உயிரித்தொழில்நுட்பத் துறையில் கேட்டு இப்போதே பழகட்டும். இன்னொன்று, சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தேர்வில் வேதியியல் தாள் எழுதி ஜேஆர்எஃப், அதாவது பிஎச்.டி.க்கான ஆராய்ச்சி உதவித்தொகை. 2023-இலிருந்து அது மாதந்தோறும் 37,000 ரூபாய். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பிஎச்.டி. பல வருடம் இழுக்கும் என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஐ.டி. கோர்ஸுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால், வைவா முடியும்வரை கட்ட வேண்டாம்.