மெகாநியூரா மாடல்: இறக்கையில் எது தவறு?

வணக்கம். மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகத் தட்டான் படத்தைப் பெரிதாக்கி, மெகாநியூரா என்ற பழங்கால ராட்சதத் தட்டான் போன்ற பூச்சிக்கு அட்டையில் இறக்கை வெட்டினீர்கள். ஆசிரியர் 'இது தட்டான் இறக்கை' என்கிறார், போதாததற்கு அட்டையும் தொங்குகிறது, அப்படித்தானே?

ஆசிரியர் சொன்னது சரிதான். உங்கள் படத்தில் இறக்கையின் முன்விளிம்பில், ஏறக்குறைய நடுவில், சின்னக் கணு மாதிரி ஒரு முறிவு தெரியும். அதுதான் நோடஸ். விளிம்பை ஒட்டி வரும் இரண்டாவது நரம்பு இன்றைய தட்டானில் அங்கேயே முடிந்துவிடும். மெகாநியூராவில் அந்தக் கணு கிடையாது. நரம்பு நுனிப்பக்கம் வரை நீளமாக ஓடும். நுனியருகே இருக்கும் கறுப்புப் பொட்டையும் அழித்துவிடுங்கள். டெரோஸ்டிக்மா எனப்படும் அதுவும் மெகாநியூராவுக்கு இல்லை. இவற்றைத் தட்டானின் நேரடி மூதாதை என்று சொல்லாமல் உறவுக்கார இனம் என்கிறார்கள்.

தொங்குவதற்கு மருந்தும் இறக்கையிலேயே இருக்கிறது. நரம்புகள் ஒரே தளத்தில் படுத்திருக்காது; ஒன்று மேடு, அடுத்தது பள்ளம். காகித விசிறி மடிப்பதுபோல நீளவாக்கில் மடியுங்கள், விறைப்பாக நிற்கும். கம்பி வைத்து ஒட்டுவதெல்லாம் வீண் வேலை.

அளவு: விரித்த இறக்கைகளின் முனைக்கு முனை சுமார் 65 முதல் 70 செ.மீ. அப்புறம், உட்கார்ந்த நிலையில் செய்தாலும் இறக்கையை முதுகின் மேல் மடக்கி வைக்காதீர்கள், அதற்கு அப்படி மடக்க வராது. பெயர்ப்பலகையில் புதைபடிவம் கிடைத்த இடம் பிரான்சின் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கம், வாழ்ந்த காலம் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், 1885-இல் பெயரிட்டவர் ஷார்ல் ப்ரோன்யார் என்று எழுதலாம்.