பின்புறம் டி மார்கன் பெயர் இல்லாத கப்பல் டைல்

பின்புறம் வேறு ஆலையின் முத்திரை இருக்கிறது என்பதற்காக, கப்பல் வரைந்த உங்கள் சிவப்பு டைல் ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் வில்லியம் டி மார்கனுடையது அல்ல, போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் 1872இல் லண்டன் செல்சியில் பட்டறை தொடங்கிய காலத்தில், பிறர் செய்த வெற்று டைல்களை வாங்கித்தான் வண்ணம் ஏற்றினார்.

முன்பக்கம்தான் பேசும். பூதக்கண்ணாடியில் பாய்மரக் கயிறுகளைப் பாருங்கள்: கோடு தடித்தும் மெலிந்தும் ஓடினால் தூரிகை வேலை, புள்ளி புள்ளியாக உடைந்தால் அச்சு. அடுத்து, ஜன்னலோரம் சாய்த்துப் பிடியுங்கள். லஸ்டர் என்னும் உலோகப் பளபளப்புப் பூச்சாக இருந்தால் அந்தச் சிவப்பு செம்புபோல் மின்னும். அதைப் பார்ப்பதே ஒரு சுகம்!

ஆனால் தூரிகைக் கோடு மட்டும் அவருடைய பட்டறைக்குச் சான்றாகாது. அவர் பாணியில் இன்றும் கையால் வரைகிறார்கள். கறை நீக்க அமிலம் மட்டும் வேண்டவே வேண்டாம், லஸ்டர் படலம் மிக மெல்லியது.