பரலோகக் குடிமகனுக்கு ஓட்டு எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர், "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" (பிலிப்பியர் 3:20) என்ற வசனத்தைக் காட்டி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மறுக்கிறார். இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுவதையும் நிறுத்திவிட்டார். "விட்டுப் போகிற ஊரில் எதற்குச் சேர்த்து வைக்கணும்?" என்கிறார். வெள்ளிக்கிழமை வேதபாடம் நான்தான் எடுக்க வேண்டும். 40 நிமிடம் இருக்கிறது. எப்படி எடுப்பது?

பதில்: ஓட்டில் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் கட்சிப் பேச்சில்தான் போய் முடியும். முதல் பத்து நிமிடத்தை, பவுல் இந்த நிருபத்தை எழுதியனுப்பிய பிலிப்பி பட்டணத்துக்குக் கொடுங்கள்.

கி.மு. 42-இல் அந்த ஊருக்கு வெளியே நடந்த போரில், ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் தோற்றார்கள். வென்ற ஆன்டனியும் ஒக்டேவியனும் படையிலிருந்து விடுவித்த வீரர்களுக்கு அங்கேயே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். இருப்பது மக்கெதோனியா மண்ணில். சட்டப்படியோ இத்தாலி நிலத்துக்குரிய உரிமை, வரிச்சலுகை உட்பட. அந்த வீரர்கள் ஒருநாள் ரோமுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ரோமின் ஒழுங்கு அந்த மண்ணில் வேர்பிடிக்கத்தான் அவர்களை அங்கே வைத்தார்கள். அப்போஸ்தலர் 16:12-ஐயும் 16:21-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் தங்களை 'ரோமர்' என்றே சொல்லிக்கொள்வது தெரியும். ஆனால் ஊரில் எல்லாருக்கும் அந்தக் குடியுரிமை இல்லை. அது இல்லாதவர்களும் சபையில் இருந்திருப்பார்கள். 'குடியிருப்பு', அதாவது குடியுரிமை, பரலோகத்தில் இருக்கிறது என்ற பவுலின் வசனம் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்; நல்ல கலந்துரையாடல் கிடைக்கும்.

அடுத்து 3:17 முதல் 4:1 வரை முழுவதையும் வாசியுங்கள். 20-ஆம் வசனத்தைத் தனியே பிய்த்து எடுப்பதில்தான் கோளாறே. 'பூமிக்கடுத்தவை' என்று பவுல் சொல்வது என்ன? 19-ஆம் வசனம் வயிற்றையும் வெட்கக்கேட்டையும் சொல்கிறது. ஊர்ப் பொறுப்பையோ குடும்பத்துக்கான சேமிப்பையோ அல்ல. 20-இன் பின்பாதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: "அங்கேயிருந்து" இரட்சகர் வருகிறார். நாம் இங்கிருந்து தப்பிப் போவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. 21 இந்தச் சரீரமே மறுரூபமாகும் என்கிறது. சரீரத்தைத் தூக்கி எறியும் நம்பிக்கை பவுலுடையது அல்ல.

தம்பி பிலிப்பியர் 1:23-ஐ எடுப்பார், தயாராக இருங்கள். பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்று பவுல் சொல்வது உண்மைதான். அது மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட நிலை. கடைசி நம்பிக்கை 3:21-இல் இருக்கிறது. தவிர, அடுத்த வசனத்திலேயே நான் இங்கே தரித்திருப்பது உங்களுக்கு அவசியம் என்கிறார். எபிரெயர் 13:14-ஐ எடுத்தால், அது சொல்வது 'வரப்போகிற' நகரம் என்பதைக் காட்டி வெளிப்படுத்தல் 21:2-க்குப் போங்கள். அங்கே நகரம் இறங்கி வருகிறது. கிறிஸ்துவின் இரகசிய வருகை எப்போது, அவருடைய ஆயிரவருஷ அரசாட்சி எப்படி என்ற விவாதம் எழுந்தால் வேறொரு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் இந்தப் பதில் மாறாது.

பிரீமியத்துக்கு நேரான பதில் 1 தீமோத்தேயு 5:8, சொந்த வீட்டாரை விசாரிக்காதவனைப் பற்றியது. 1 தெசலோனிக்கேயர் 4-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: 11-ஆம் வசனத்தில் சொந்தக் கைகளால் வேலை செய்யச் சொல்லிவிட்டுத்தான் 13 முதல் கிறிஸ்துவின் வருகையைப் பேசுகிறார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியதும் (29:5-7) வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான்.

ஓட்டு விஷயத்தில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது. பவுல் தன் ரோமக் குடியுரிமையை அப்போஸ்தலர் 16:37-லும் 22:25-லும் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார். அதனால் குடியுரிமையைப் பயன்படுத்துவதே பாவம் என்ற வாதம் நிற்காது. ஆனால் மெனோனைட்டு, பிரதரன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில் பலர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடாமலே இருந்திருக்கிறார்கள். அவர்களை அவிசுவாசிகள் என்று யாரும் சொல்ல முடியாது. வசனத்தின் கூர்மையையும் மழுக்கிவிடாதீர்கள். 'இரட்சகர்', 'கர்த்தர்' ஆகிய பட்டங்களை ரோமப் பேரரசர்களுக்கும் சூட்டிய காலம் அது. அவற்றை இயேசுவுக்குக் கொடுக்கும் பவுல், எந்தத் தலைவருக்கும் கொடி பிடிக்கலாம் என்று அங்கே அனுமதி தரவில்லை. அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ வாசிக்கிறவர்கள், மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படியச் சொல்லும் அப்போஸ்தலர் 5:29-ஐயும் வாசிக்க வேண்டும்.

கூட்டத்தின் நடுவே அவரைக் குறிவைத்துப் பேசாமல், முடிந்தபின் தனியே பேசுங்கள். பிரீமியத்தை முதலில் எடுங்கள். காலாவதியான பாலிசியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பாக்கியைக் கட்டிப் புதுப்பிக்கலாம் என்பதால் அதில் தாமதம்தான் நஷ்டம். ஓட்டுக்கு அவர் மனம் இசைந்தால் புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6 போதும்.