யன்னலில் மொய்க்கும் இலையானுக்கு மூன்று வருட ஒப்பந்தமா?

கேள்வி: ஸ்காபரோவிலிருந்து இந்த ஜூனில்தான் பாரி நகருக்கு வெளியே, சோயா வயலை ஒட்டிய புது வீட்டுக்கு வந்தோம். செப்டெம்பர் கடைசியிலிருந்து தெற்குப் பக்கச் சுவரிலும் யன்னல்களிலும் மந்தமான பெரிய இலையான்களும் செம்மஞ்சள் வண்டுகளும் மொய்க்கின்றன. பேஸ்மென்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி ஓடியது. நாலு வயது மகள் அங்கேதான் விளையாடுவாள். நேற்றுக் கதவைத் தட்டிய பூச்சிக் கொம்பனி ஆள், அது ‘பிரவுன் ரெக்லூஸ்’ என்ற விஷச் சிலந்தி, வீட்டுக்குள் பெருகிவிட்டது என்றார். பயத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் இதெல்லாம் வருமா என்று மாமி கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யுங்கள். பூச்சியைப் பிறகு பார்க்கலாம், அது எங்கும் போகாது. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டு வாசலில் வைத்துப் போட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். போனில் சொல்லாதீர்கள். போனில் சொன்னால் ‘மேலாளர் கூப்பிடுவார்’ என்று இழுத்தடித்து அந்தப் பத்து நாளையும் கடத்திவிடுவார்கள். மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய பணத்தை 15 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால் அதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இது. 2018 மார்ச்சிலிருந்து ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் வடிகட்டி போன்றவற்றை விற்பவர்கள் யாரும் கூப்பிடாமல் கதவைத் தட்டி ஒப்பந்தம் போடுவதை மாகாணம் தடை செய்தது. பூச்சி மருந்தை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மருந்து அடிக்கிறவருக்கு மாகாண உரிமம் வேண்டும். வாசலில் நின்று பயமுறுத்தி விற்கிறவருக்கு அந்த உரிமம் தேவையில்லை. புதிதாகக் குடியேறிய தெருக்களாகப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் கடந்த பிறகு வருபவை. உங்களுக்கு நாள் இருக்கிறது.

இனிச் சிலந்தி. பிரவுன் ரெக்லூஸ் அமெரிக்காவின் மிசூரி, கன்சாஸ், ஆர்கன்சா பக்கத்துச் சிலந்தி. கனடாவில் அது நிலைகொள்ளவில்லை. அதோடு அது சின்னது. கால்களை விரித்தாலும் ஏறத்தாழ ஒரு நாணய அளவுதான். உள்ளங்கை அகலம் என்று நீங்கள் எழுதியதுமே அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்தது ஓநாய்ச் சிலந்தியாகவோ, ஏரிக்கரைப் பக்கம் சாதாரணமாகத் திரியும் மீன்பிடிச் சிலந்தியாகவோ இருக்கும். இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள், ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் வெளிச்சத்தில் மின்னும். இரண்டும் மனிதரைக் கண்டால் ஓடுபவை. கையில் நசுங்கினால்தான் கடிக்கும். கடித்தால் குளவி கொட்டிய அளவு வலி.

குளிருக்குப் பயந்து சிலந்திகள் வீட்டுக்குள் படையெடுக்கின்றன என்பதும் விற்பனைக்காரர் பேச்சுத்தான். வீட்டுச் சிலந்திகள் ஆண்டு முழுக்க நம்மோடுதான் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் ஆண் சிலந்திகள் பெண்ணைத் தேடி வலையை விட்டு நடமாடத் தொடங்கும். அதனால் கண்ணில் படுகின்றன. தும்புத்தடியால் மூலைகளைத் தட்டி, சுவரோரம் அடுக்கிய அட்டைப் பெட்டிகளை எடுத்துவிட்டு, பேஸ்மென்டில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட விடுங்கள். ஈரம் குறைந்தால் சின்னப் பூச்சிகள் குறையும், இரை குறைந்தால் சிலந்தியும் குறையும். மகள் தோலில் சிவந்து பரவும் புண் எதையாவது கண்டால் சிலந்தி தேடிக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள். சிலந்திக்கடி என்று சொல்லப்படும் புண்களில் நிறைய, சாதாரணத் தோல் தொற்றுகள்.

இலையான் விஷயத்தில் உங்கள் மாமிக்கு ஒன்று சொல்லுங்கள்: இது குசினி அழுக்குக்கு வரும் இலையான் இல்லை. இதன் புழு மண்ணுக்குள் மண்புழுவைத் தின்று வளர்கிறது. வயலும் புல்தரையும் பக்கத்தில் இருந்தால் வீடு எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் வரும். பகல் நேரம் குறையக் குறைய, குளிர்காலத் தூக்கத்துக்கு மலை வெடிப்பையோ மரப் பொந்தையோ தேடும். வெயில் படுகிற தெற்கு, மேற்குச் சுவர்கள் அதற்கு அப்படித்தான் தெரிகின்றன. உள்ளே வந்து முட்டையிடுவதில்லை, எதையும் தின்பதில்லை. ஜனவரியில் ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால், சுவருக்குள் தூங்குவது வசந்தம் வந்துவிட்டதென்று விழித்து உங்கள் யன்னலுக்கு வரும். அது புதிதாகப் பெருகியது இல்லை, ஒக்டோபரில் நுழைந்த அதே கூட்டம்.

செம்மஞ்சள் வண்டு ஆசியப் பொறிவண்டு. தலைக்குப் பின்னால் கறுப்பில் ஆங்கில ‘எம்’ எழுத்துப் போல ஒரு குறி இருக்கும். சோயாச் செடியின் அசுவினிகளைத் தின்று வளர்ந்து, அறுவடை முடிந்ததும் கூட்டமாகக் கிளம்பும். நசுக்காதீர்கள்: மஞ்சள் நீர் கக்கும், நாறும், சுவரில் கறை விழும். 2001இல் திராட்சைக் குலைகளோடு இது அரைபட்டு ஒன்ராறியோ வைனின் சுவையையே கெடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்குள் மருந்து அடிப்பது வீண். நுழைந்தவை சுவருக்குள் இருக்கின்றன, மருந்து அங்கே போகாது. போனாலும், உள்ளே குவியும் செத்த உடல்களைத் தின்ன வேறு வண்டுகள் வரும். வக்யூம் கிளீனர் போதும். குழாய் முனைக்குள் பழைய நைலோன் காலுறையை விட்டு, வாயை வெளியே மடித்து ரப்பர் பான்ட் போடுங்கள். உறிஞ்சியவை காலுறையில் நிற்கும். முடிச்சுப் போட்டு சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பிறகு உள்பக்கம் யன்னல் சட்ட ஓரம், சுவரடிப் பலகை, கூரை விளக்கைச் சுற்றியுள்ள இடைவெளி ஆகியவற்றைக் கோல்க் பூசி அடையுங்கள். சுவருக்குள் இருப்பவை வசந்தத்தில் வெளிப்பக்கமாகப் போய்விடும்.

வெளிப்பக்கத்தை அடைப்பது அடுத்த ஜூலை, ஓகஸ்ட் வேலை. அதற்கு முன் ஒன்று செய்யலாம். உங்களுடையது புதிதாகக் கட்டிய வீடு என்றால், ஒன்ராறியோவில் புது வீடுகளின் கட்டுமானக் குறைகளுக்கான ‘டாரியன்’ உத்தரவாதம் இருக்கிறது. முதல் ஆண்டுப் படிவத்தில் ‘பூச்சி வருகிறது’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். ‘யன்னல் சட்டத்தைச் சுற்றி இடைவெளி, யன்னல் வலை பொருந்தவில்லை, கதவடியில் வெளிச்சம் தெரிகிறது’ என்று படத்தோடு எழுதுங்கள். அது கட்டுமானக் குறை. ஒரே ஓட்டையை ஒரு பெயரில் சொன்னால் கேட்கிறார்கள், இன்னொரு பெயரில் சொன்னால் கேட்பதில்லை. அதிகாரிகள் இதை மாற்றும்வரை நாங்கள் அவர்கள் மொழியில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆள் பிடித்து அடைக்கக் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். செங்கல் சுவரின் அடி வரிசையில் சாந்து இல்லாத சின்ன இடைவெளிகள் இருக்கும். தண்ணீர் வடியவும் காற்றுப் போகவும் வேண்டுமென்றே விட்டவை. ‘பூச்சி வழி’ என்று சொல்லி அதில் நுரை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுவர் உள்ளே ஊறிப்போகும். ஃபர்னஸ் குழாய்களின் வாயை எக்காரணம் கொண்டும் மூட விடாதீர்கள். கார்பன் மொனொக்சைட் உயிரை எடுக்கும்.

நம் கடைகளிலும் ஊரிலிருந்து வரும் பெட்டிகளிலும் கிடைக்கும் பூச்சிச் சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். கனடாவில் அதற்கு அனுமதி இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் சாக்பீஸ். இங்கே சட்டப்படி விற்கும் எந்தப் பூச்சி மருந்திலும் பி.சி.பி. (PCP, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பொருள்) பதிவு எண் இருக்கும். எண் இல்லாததை வாங்காதீர்கள். ஒலி எழுப்பிப் பூச்சி விரட்டும் செருகிகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக அறுபதுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் அமெரிக்க வணிக ஆணையம் 2001இலேயே எச்சரித்திருக்கிறது.

‘பொறுத்திருங்கள், வசந்தத்தில் போய்விடும்’ என்று நான் சொன்னது ஒன்றுக்கு மட்டும் பொருந்தாது. வெளியே பனி கிடக்கும் ஜனவரி, பெப்ரவரியில், நம் ஊர்க் கட்டெறும்பு போலப் பெரிய கறுப்பு எறும்புகள் குசினியிலோ குளியலறையிலோ நடந்தால், அவை வெளியிலிருந்து வரவில்லை. வெளியே எந்த எறும்பும் நடமாட முடியாது. அப்படியானால் கூடு சூடான சுவருக்குள் இருக்கிறது. விறகோடு வந்த ஒன்றிரண்டைச் சொல்லவில்லை; நாலைந்து நாள் தொடர்ந்து, ஒரே இடத்தில் கண்டால் சொல்கிறேன். இவை மரத்தைத் தின்பதில்லை, கூட்டுக்காகக் குடைகின்றன. அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கும். தாய்க்கூடு பெரும்பாலும் நனைந்து இளகிய மரத்தில்தான் இருக்கும். ஆகவே அங்கே ஒரு ஒழுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். நான் போன ஒரு வீட்டில் மூன்று வருடம் மருந்துக்குக் காசு கட்டியிருந்தார்கள். பின்கதவின் அடிப்பலகை ஊறிக் கிடந்ததை வந்தவர்கள் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. பலகையை மாற்றிக் கூட்டை எடுத்த பிறகு எறும்பு வரவில்லை. இதற்கு மட்டும் உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் தேடிக் கூப்பிடுங்கள், உரிம எண்ணைக் கேளுங்கள், ‘ஒழுக்கு எங்கே?’ என்று அவர் கேட்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

சிலந்தியை மறுபடி கண்டால் கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என்ன இனமென்று பார்த்துச் சொல்கிறேன். ரத்துக் கடிதம் மட்டும் இன்றிரவே போகட்டும்.