வாசகர் கேள்வி: சம்பளமா, கமிஷனா?

கேள்வி: உதகையில் தேயிலைத் தூள், தைலம், வர்க்கி, சாக்லேட் விற்கும் கடையில் மாதம் 14,000 ரூபாய் சம்பளத்தில் விற்பனையாளராக இருக்கிறேன். இனி 8,000 ரூபாய் சம்பளமும், என் விற்பனையில் 5 சதவீத கமிஷனும் தருவதாக முதலாளி சொல்கிறார். நான் எழுதி வைத்துள்ள கணக்குப்படி ஏப்ரல், மே மாதங்களில் தலா 2,50,000 ரூபாய்க்கும், செப்டம்பர், அக்டோபர், டிசம்பரில் தலா 1,50,000 ரூபாய்க்கும், மற்ற ஏழு மாதங்களில் தலா 65,000 ரூபாய்க்கும் விற்கிறேன். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: இரண்டு ஏற்பாடுகளிலும் ஒரே தொகை கைக்கு வரும் விற்பனை அளவை ‘பிரேக் ஈவன்’ என்பார்கள். நீங்கள் விட்டுக்கொடுப்பது 6,000 ரூபாய். அதை 5 சதவீதத்தால் ஈட்ட மாதம் 1,20,000 ரூபாய்க்கு, அதாவது ஆண்டுக்கு 14,40,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். உங்கள் ஆண்டு விற்பனை 14,05,000 ரூபாய் என்பதால், இப்போது பெறும் 1,68,000 ரூபாய்க்குப் பதிலாக 1,66,250 ரூபாய் கிடைக்கும்.

வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் மே மாதம் 20,500 ரூபாய் வாங்கும் நீங்கள், மழையும் மூடுபனியுமாகக் கடைவீதி வெறிச்சோடும் ஜூலையில் 11,250 ரூபாயில் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் சீசன் பார்த்து வருவதில்லை. மேலும், கமிஷன் என்பது உழைப்பைக் கூட்டினால் விற்பனை கூடும் இடத்தில்தான் நியாயமானது. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரையறுத்ததை நினைத்துப் பாருங்கள். கடைக்குக் கூட்டம் வருவதும் வராததும் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. வருமானம் ஏறக்குறைய அதேதான், இடர் மட்டும் முதலாளியிடமிருந்து உங்களிடம் மாறுகிறது என்றால், இதே நிபந்தனையில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

6 சதவீதம் கேட்டுப் பாருங்கள். பிரேக் ஈவன் மாதம் 1,00,000 ரூபாயாக இறங்கும்; ஆண்டு வருமானம் 1,80,300 ரூபாயாகும். மாதத்துக்குச் சராசரியாக ஆயிரம் ரூபாய் கூடுதல் என்பது அந்த இடருக்கு ஓரளவு ஈடு. சீசனில் வரும் உபரியை ஆஃப் சீசனுக்கென எடுத்து வைக்க முடிந்தால் மட்டுமே இதுவும் பொருந்தும்.

‘மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் விற்றதற்கு மட்டும்’ என்ற நிபந்தனை நுழைகிறதா என்று முக்கியமாகக் கவனியுங்கள். கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், 5 சதவீதத்தில் அது பிரேக் ஈவனை 1,70,000 ரூபாய்க்கு ஏற்றிவிடும். ஆண்டு வருமானம் 1,36,250 ரூபாயாகச் சரியும், கிட்டத்தட்ட 32,000 ரூபாய் நட்டம். பி.எஃப். பிடிக்கும் கடையானால், அது பொதுவாகக் கமிஷனுக்குக் கணக்கிடப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் எதுவானாலும், ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகைக்கா சேராத தொகைக்கா கமிஷன், திரும்பி வந்த சரக்கை யார் கணக்கில் கழிப்பது, இருவர் சேர்ந்து கவனித்த வாடிக்கையாளரின் பில் யார் பெயரில் பதிவாகும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.