பாட்டி சாவுக்கு அழாத பையன்

நான்கு பக்கக் கடிதம். அதில் இரண்டு பக்கத்துக்கு மேல், பாட்டி செத்ததற்கு உங்கள் 14 வயது மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதற்கே போய்விட்டது. மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி: "நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, தம்பி கையில் ரெண்டு தடவை ஊதுபத்தியால் சுட்டுட்டான், விளையாட்டுக்குத்தான்." அம்மா, நான் பதில் எழுதுவதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

அதற்குமுன் உங்கள் பயத்தை முடித்துவிடுகிறேன். 'சைக்கோ' என்று எழுதி, அடித்து, திரும்பவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு எந்த மருத்துவரும் அந்தப் பெயரை வைக்க மாட்டார். மருத்துவத்தில் அதற்கு நெருக்கமான பெயர் சமூக விரோத ஆளுமைக் கோளாறு; அதை 18 வயதுக்கு முன் எழுதவே கூடாது. சாவு வீட்டில் அழாதது நோயில்லை. பாட்டியின் புடவையை மடித்துத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான் என்று நீங்களே புகார் எழுதியிருக்கிறீர்கள். அது புகாரா? பர்ஸில் 200 ரூபாய் எடுத்தது, எதிர்த்துப் பேசுவது, ராத்திரி முழுக்க போன் எல்லாம் கண்டிக்க வேண்டியவை, அவ்வளவுதான்.

அப்புறம், போனில் நீங்கள் நிரப்பிய அந்த டெஸ்ட். 24 கேள்வி, 72-க்கு 58 வந்ததாம். இரக்கக் குறைவை அளக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் உருவாக்கிய கேள்வித்தாளை யாரோ மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் பாதிக் கேள்விகள் நல்ல குணத்தைக் கேட்பவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இணையதளம் திருப்பிப் போட்டதா? யாருக்குத் தெரியும். அதே தாளைப் பையனும் ஆசிரியரும் தனித்தனியாக நிரப்பி, மூன்றையும் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தால்தான் அதற்குப் பொருள். இத்தனை எடுத்தால் நோய் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு எதுவும் கிடையாது. வீட்டில் பெரிய சண்டை நடந்த ராத்திரி நிரப்பினால் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் கூடலாம்.

ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே இரக்கம் குறைவா என்று அறிய, மனநலத் துறையில் நாங்கள் பார்ப்பது நான்கு விஷயம். தப்பு செய்துவிட்டு மனசு உறுத்தாதது. அடுத்தவர் வலி தைக்காதது. படிப்பிலோ மற்ற எதிலுமோ தான் எப்படிச் செய்கிறோம் என்ற அக்கறையே இல்லாதது. உணர்ச்சி காரியத்துக்கு மட்டும் வருவது. இந்த நான்கில் குறைந்தது இரண்டு, குறைந்தது 12 மாதமாக, வீடு, பள்ளி, நண்பர்கள் என்று பல இடத்திலும் தெரிய வேண்டும். 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு அப்படித்தான் சொல்கிறது. அதுவும் ஏற்கெனவே நடத்தைக் கோளாறு (பிறரைத் துன்புறுத்துவது, விதிகளை மீறுவது என்று தொடர்ந்து நடப்பது) உள்ள பிள்ளைக்குக் கூடுதல் குறிப்பாக மட்டும். உங்கள் மகன் மாறி ஏழு மாதம்தான் ஆகிறது. வகுப்பு டீச்சரோ "அமைதியான பையன்" என்கிறார்.

சரி, அந்தச் சூட்டுக்கு வருகிறேன். அண்ணன் தம்பி சண்டையில் கோபத்தில் ஓங்கிய கை வேறு. ஆள் இல்லாத நேரம் பார்த்து, கோபமே இல்லாமல், தன்னைவிட எளிய உயிரை நோகடிப்பது வேறு. இரண்டாம் முறையும் செய்திருக்கிறான் என்றால் அதை விளையாட்டு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இன்று முதல் சின்னவனை அவனோடு தனியே விடாதீர்கள். ஐந்து நிமிடம்கூட.

அடுத்து, இதை எங்கே கற்றான் என்று யோசித்தீர்களா? எட்டாம் வகுப்பு வரை இதே தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டவன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் இப்படி. சின்ன வயதிலிருந்தே ஈரம் குறைவான பிள்ளை என்றால் அநேகமாக ஐந்தாறு வயதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுவில் மாறியவனைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, அவனுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதை. தாங்க முடியாத அளவுக்கு அடியோ அவமானமோ பட்ட பிள்ளைக்கு மனசு மரத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் கல்நெஞ்சம் மாதிரியே இருக்கும். உள்ளே பயம் இருக்கும், கெட்ட கனவு இருக்கும். ராத்திரி போனை மேலே லேசாகத் தள்ளிவிட்டேன். தூங்கப் பயந்தும் போன் பார்ப்பார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை, 'ஸ்டைலாம்' என்று கிண்டலாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கைகளை நீங்கள் பார்த்தீர்களா?

போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். இந்த வாரமே உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். மருத்துவர் அவனோடு தனியாகப் பேசும்போது நீங்கள் வெளியே இருங்கள். மன அழுத்தமா, போதைப் பழக்கமா, பழைய காயமா, உண்மையிலேயே இரக்கம் குறைவா என்று பிரித்துப் பார்க்க ஒரு சந்திப்பு போதாது. போகும்வரை தடுமாற்றமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஹாஸ்டலில் யாரோ அடித்ததாகவோ தொட்டதாகவோ சொன்னால், ஊர் என்ன சொல்லும் என்று மூடி வைக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

மெடிக்கலில் 'சாந்தமாவதற்கு' என்று வாங்கி, இரண்டு வாரமாகப் பாலில் பொடித்துக் கொடுக்கும் மாத்திரை எனக்கு ஆத்திரத்தைத்தான் தருகிறது. இரக்கம் சுரக்க வைக்கும் மாத்திரை உலகத்தில் இல்லை. பெயர் தெரியாத மாத்திரையை நிறுத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆகவே நாளைக்கே அந்த அட்டையோடு போய் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவன் அப்பாவின் பெல்ட் இன்னொன்று. இயல்பிலேயே இரக்கம் குறைந்த பிள்ளைக்குத் தண்டனை உறைக்காது; பாராட்டும் பரிசும்தான் கொஞ்சமாவது எடுபடும். அடிபட்டு மரத்தவன் என்றால் அடி இன்னும் மரக்கடிக்கும். எதுவாக இருந்தாலும் பெல்ட் உதவாது. ஓ.பி.க்கு அவரையும் கூட்டிப் போங்கள். வேலை இருக்கிறது என்பார், விடாதீர்கள்.