வாழ்க்கையில் திசை தெரியாமல் இருப்பவர் ஒரு நாள் அருங்காட்சியகம் போய் வருவதால் என்ன பயன்?

திசை தெரிந்துவிடும் என்று நம்பிப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். மற்றபடி பயன் உண்டு.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், படிப்பை முடித்துவிட்டு, வேலையும் அமையாமல், ‘வீட்டில் சும்மா இருப்பவர்’ என்ற பெயரை வாங்கியவர் என்று தோன்றுகிறது. பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்தில் அதே பெயரோடு சில வருடங்களைக் கழித்தவள் நான். முதுகலைக் கணிதம் முடித்துவிட்டு அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், “அடுத்து என்னம்மா பண்ணப் போற?” என்று கேட்காமல் சாம்பார் ஊற்றிய மாமா கிடையாது. என் தம்பியும் அதே தேர்வுக்குத்தான் படித்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. ‘பையன் பரீட்சைக்குப் படிக்கிறான், தொந்தரவு பண்ணாதீங்க’ என்பார்கள். இதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சான்றிதழுக்காகத் தஞ்சாவூர் போயிருந்தபோது, கையெழுத்துப் போட வேண்டியவர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். வெயிலுக்கு ஒதுங்குவதற்காகவே, அருங்காட்சியகம் இருக்கும் அரண்மனைக்குள் நுழைந்தேன். அங்கே கைகூப்பி நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சிலை, தஞ்சையின் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியுடையது. அவரை எனக்கு நன்றாகத் தெரியும்: ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை, சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர், ஒரு மதிப்பெண்.

சிலைக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த வருடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். 1777இல் பிறந்தவர், அரியணை ஏறிய மறு வருடமே, 1799 உடன்படிக்கையில், நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறார். கோட்டையும், ஆண்டுத் தொகையும், வருவாயில் ஒரு பங்கும் அவருக்கு மிஞ்சுகின்றன. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஆள்வதற்கென்றே வளர்க்கப்பட்டவருக்கு ஆள நாடு இல்லை. சுவடி சேர்த்ததும், அச்சுக்கூடம் வைத்ததும், கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வித்து ஒவ்வொருவரின் கண்ணையும் வண்ணத்தில் வரைந்து குறிப்பெழுதி வைக்கச் செய்ததும், 1820இல் காசிக்குப் புறப்பட்டுப் போய் ஏடுகளோடு திரும்பியதும், எல்லாமே அதற்குப் பிறகு நடந்தவை.

அரண்மனையும் பணமும் இருந்தவரோடு வேலையில்லாதவரை ஒப்பிடுவதா என்று பின்னூட்டத்தில் கேட்க வருபவர்களுக்கு: ஒப்பிடவில்லை. அவருக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது, பந்தியில் கேள்வி கேட்கும் மாமாவும் இருந்திருக்க மாட்டார். அவரைப் பார்த்து எனக்கு நம்பிக்கை பிறந்தது என்றும் நான் எழுதவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வி, வெகுகாலத்துக்குப் பிறகு, எனக்குள் எழுந்தது, அவ்வளவுதான். அந்த ஆள் காலையில் எழுந்ததும் என்ன செய்திருப்பார்?

பிறகு செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போனேன். திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து எடுத்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கே இருக்கிறார். ராஜராஜன் காலத்தில், 1011இல் செய்யப்பட்டவர். சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, அதில் பாம்பையும் செருகி, ஒரு காலைக் குறுக்கே வைத்து, ஒயிலாக நிற்கிறார். காளையின்மேல் ஊன்றுவதற்காக ஒரு கை மடங்கியிருக்கிறது, காளையைத்தான் காணவில்லை. சுவாமிமலையில் இன்றும் செய்வதுபோல, மெழுகில் உரு செய்து, காவிரி வண்டல் பூசிச் சுட்டு, மெழுகு வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண்கூட்டை உடைத்து எடுக்கும் முறை அது. ஒரு கூட்டில் ஒரு சிலைதான் வரும். விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே நின்றதில், சான்றிதழ் வாங்கப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. காவலாளி, “தினமும் இப்படி ரெண்டு மூணு பேர் நிப்பாங்கம்மா” என்றார்.

சான்றிதழை மறுநாள் வாங்கினேன். தேர்வில் கடைசி வரை தேறவில்லை. இப்போது ஒரு அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன். அதனால்தான் திசையைப் பற்றி உங்களுக்கு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. சரபோஜியைப் பற்றி நூலகத்தில் கிடைப்பதை எடுத்துப் படிக்கும் பழக்கம் மட்டும் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. நீங்கள் போவதாக இருந்தால் தனியாகப் போங்கள், தேர்வுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், திரும்பி வந்ததும் என்ன கிடைத்தது என்று வீட்டில் யாராவது கேட்டால் வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிடுங்கள்.